சோதனைக் காட்சி

ஞாயிறு பூசை பதினொன்றே காலுக்கு முடிந்தது. பதினொன்றரைக்குக் கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள். குளிரில் தோல் தளர்ந்த மத்தளத்தை ஹீட்டரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிளோறன்ஸ் தேத்தண்ணி ஊற்றினாள். கூத்துப் பழகும் ஆண்கள் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். ஈரச் சொக்ஸின் நாற்றம் தேத்தண்ணி ஆவியோடு சேர்ந்து மூக்கில் ஏறியது.

பெருநாளுக்கு, நொய்கெல்ன் பகுதியில் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர் வழமையாகப் புனிதர்களின் கதையைத்தான் கூத்தாகப் போடுவார்கள். இந்த முறை கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யாகோப்பு ஒரு பழைய கிரேக்கக் கதையை எடுத்திருந்தார். போருக்குப் போன அரசன் இருபது வருடம் வீடு திரும்பவில்லை. மனைவி காத்திருக்கிறாள். அவளைக் கட்டக் கேட்டு வந்தவர்கள் அரண்மனையில் குந்தியிருந்து தின்கிறார்கள். நெய்கிற துணி முடியட்டும் என்று அவள் சாட்டுச் சொல்கிறாள். பகலில் நெய்ததை இரவில் பிரிக்கிறாள். கோயில் மேடையில் இந்தக் கதை எதற்கு என்று சாமியார் கேட்டார். "கற்புக்கு வேதம் சைவம் எண்ட பேதம் இல்லை, ஃபாதர்" என்று சொல்லி யாகோப்பு சம்மதம் வாங்கினார்.

அந்த மனைவியாக லக்ஸன் ஆடினான். பெண் வேடத்தை ஆண் கட்டுவதே கூத்தின் வழக்கம். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிற அவன், ஒத்திகையில் இடுப்பை ஒடித்து, முந்தானையை வாயில் கவ்வி அழுதான். அது பிளோறன்ஸின் நாவல் நிறச் சேலை. அல்பேர்ட் அவளைக் கேட்காமலே அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தான்.

அரசன் வேடம் அல்பேர்ட்டுக்கு. பிளோறன்ஸின் கணவன்.

கதையைத் தெரிந்தெடுத்ததே அவர்களுக்காகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எண்பத்தொன்பதில் அல்பேர்ட் மன்னாரை விட்டுப் புறப்பட்டபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளைத் தன்னிடம் கூப்பிட்டபோது முப்பத்தொன்பது. இடையில் பதினேழு வருடம். அதில் ஒன்பது வருடம் அவன் ஹம்பேர்க்கில் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தான். விசாவுக்காக என்று சொன்னான். கூத்தில் அது மந்திரக்காரியின் தீவாக வந்தது. "மறித்து வைத்தாள், மன்னவன் என் செய்வான்" என்று யாகோப்பு பாடும்போதெல்லாம் ஆண்கள் அல்பேர்ட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வெட்கப்படுகிறவன் போலத் தலையைக் குனிவான்.

கல்யாணப் பெண்களுக்குப் பிளோறன்ஸைக் காட்டிப் புத்தி சொல்வார்கள். கிழமையில் ஐந்து நாள் அலுவலகக் கழிவறைகள் கழுவுகிறவளை, பூசைக்குப் பிறகு ஒரு சுரூபத்தைப் போலப் பார்ப்பார்கள். கூத்து முடிந்ததும் அவளை மேடைக்கு அழைத்து, அரசனே பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஏலாது என்று இரண்டு தரம் சொன்னாள். அழைப்பிதழில் அவளுடைய படம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

"அண்ணை, கடைசியிலை என்ன நடக்குது?" அன்று தேத்தண்ணியை நீட்டும்போது யாகோப்பைக் கேட்டாள்.

"அரசன் வந்து சேருறான், தங்கச்சி. வீட்டிலை குந்தியிருந்தவங்களை எல்லாம் வெட்டிப் போடுறான்."

"அவ்வளவுதானோ?"

"வேலைக்காரப் பெட்டையளும் பன்னிரண்டு பேர் இருக்கினம். அவங்களோடை படுத்தவை எண்டு தூக்கிலை போடுறாங்கள். அதை விட்டிட்டன். கோயில் மேடையெல்லோ."

"கூட்டித் துடைக்க வந்ததுகளையோ?"

"பழைய கதை, தங்கச்சி. சீனி காணாது."

அவள் சீனிப் போத்தலைத் தள்ளி வைத்தாள்.

புதிய காட்சி ஒன்று தொடங்கியது. அரசன், தான் வருவதற்கு முன் ஒரு தோழனை அனுப்பி மனைவியைச் சோதிக்கிறான். தோழன் வேடத்தில் புவனேந்திரன். அவர் சைவக்காரர். குரலுக்காக அவரைச் சேர்த்திருந்தார்கள். அவர் லக்ஸனுக்கு முன்னால் வந்து நின்று, பாட்டை விட்டுவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டார்: "சாப்பிட்டீரோ?"

பிளோறன்ஸின் கை கேத்தலில் நின்றது.

யாகோப்பு தாளத்தை நிறுத்தினார். "அரண்மனையிலை ஆரப்பா சாப்பிட்டீரோ எண்டு கேக்கிறது? இது என்ரை கொப்பியிலை இல்லை."

"அது நான் சொல்லிக் குடுத்தது" என்றான் அல்பேர்ட். "அண்ணாவியார், உதிலை கை வையாதேங்கோ. உதுதான் விசயமே." அட்டைக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். "எங்கடை டெனிஸ்டன் இருந்தவனெல்லோ, சமாதான நேரம் ஊருக்குப் போனவன். நான்தான் சொல்லி விட்டனான். போய் ஒருக்கா ஆளைப் பார், கதைச்சுப் பார், எந்தளவுக்கு நிக்கிறாள் எண்டு பார். சாப்பிட்டீரோ எண்டு கேள். அவளை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை, கேட்டால் உருகுவாள் எண்டு சொன்னனான். நாலு நாள் சுத்தினவன். வந்து என்ன சொன்னவன் தெரியுமோ? மச்சான், உன்ரை மனிசி நெருப்படா, கதவே திறக்கேல்லை எண்டான். இஞ்சை நிக்கிறாள், கேளுங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கையும் தட்டினார். புவனேந்திரன் மட்டும் நிலத்தைப் பார்த்தார்.

"பாரன், வெக்கப்படுறா" என்றான் லக்ஸன், அவளுடைய சேலையில் நின்றுகொண்டு.

பிளோறன்ஸ் கேத்தலைக் கீழே வைத்தாள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி நின்றாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, மடுத் திருவிழாவுக்கு முந்திய கிழமை. டெனிஸ்டன் ஒரு பார்சலோடு வந்தான். சொக்லேட், கைக்குப் பூசும் கிறீம், அல்பேர்ட்டின் கடிதம். அந்த வருடங்களில் அவளைக் கண்டவர்கள் எல்லோரும் கடிதம் வந்ததா, காசு வந்ததா, எப்போது கூப்பிடுகிறான் என்றே கேட்டார்கள். அவன் வாசலில் நின்று, சாப்பிட்டீரோ என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். அன்று சாப்பிடாமல் இருந்தது அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது. அவன் கிணற்றுக் கப்பியை மாற்றிக் கொடுத்தான். நாலாம் நாள் மத்தியானம், ஊரே கோயிலில் இருந்த நேரம், சாத்திய கதவுக்கு வெளியே வந்து நின்று, "பிளோறன்ஸ், ஒருக்காத் திறவும்" என்றான். அவள் உள்ளே நின்றாள். கை கொண்டியில் இருந்தது. அவனுடைய நிழல் கதவின் கீழ் இடுக்கிலிருந்து விலகும்வரை அப்படியே நின்றாள். திறக்கவில்லை. பிறகு எத்தனையோ வருடம், அல்பேர்ட்டின் பக்கத்தில் படுத்திருந்தபடியே, அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் டெனிஸ்டன் மாரடைப்பில் செத்தபோது, யாரும் காணாமல் குசினியில் நின்று அழுதாள். பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் அல்பேர்ட்.

அந்தக் கேள்விக்கும் சொல் எடுத்துக் கொடுத்தவன் அல்பேர்ட்.

பெருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமையும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அல்பேர்ட் விரலை நக்கிச் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல், தன் சோற்றுக் கோப்பையைக் குசினிக்குக் கொண்டு போய் நின்றபடி சாப்பிட்டாள். வேலையில் மற்றவர்களின் மூத்திரக் கறையைத் தேய்க்கும்போது இந்தளவு அருவருப்பு வந்ததில்லை. அங்கே கையுறை இருந்தது. டெனிஸ்டனை நினைத்தாலும் அதே அருவருப்புத்தான். கப்பி மாற்றியதும் சொல்லிக் கொடுத்ததா? அதைச் சொல்லக்கூடியவன் மண்ணுக்குள் இருந்தான்.

பெருநாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. அரசன் வெட்டி முடித்தான், மனைவி காலில் விழுந்தாள், திரை விழுந்தது. சனம் எழுந்து நின்று கை தட்டியது. திரைக்குப் பின்னால் பிளோறன்ஸ் சாதாரணச் சேலையில் நின்றாள். வெளியே யாகோப்பு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிரேக்கத்திலை மட்டுமில்லை, எங்கடை மன்னார் மண்ணிலையும் ஒருத்தி இருந்தவ..."

அல்பேர்ட் அவளிடம் வந்தான். சரிகை உடுப்பின் அக்குள் இரண்டும் நனைந்திருந்தன. ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று பசை நாறியது. கையில் பிளாஸ்ரிக் உறையோடு பொன்னாடை.

"வா, கூப்பிடுறாங்கள். முகத்தை உப்பிடி வைச்சிருக்காதை. படம் எடுப்பாங்கள்."

அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். ஈரமான கை. அவள் அதை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டாள்.

"என்னப்பா, டெனிஸ்டன் கதவே திறக்கேல்லை எண்டோ உங்களுக்குச் சொன்னவர்?"

"ஓம். அதுக்கு இப்ப என்ன? சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

வெளியே அவளுடைய பெயரைச் சொன்னார்கள். மத்தளம் அதிர்ந்தது. திரையின் கயிற்றை யாரோ இழுக்கத் தொடங்கினார்கள்.

"அவர் சொன்னது உண்மை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"