கேமராவைப் பார்த்த முகம்

ஜனத்தொகை பெருத்த நாட்டில் சுற்றுலா போனால் இடத்தையா பார்க்க முடியும்? முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்கலாம். போட்டோகிராபருக்கு வேண்டியதும் அந்த முதுகுகள்தான். பத்திரிகை ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். பை தூக்கக் கணவர் கூட வந்திருந்தார். அவள் தொழிலில் ஒரே சட்டம்: கூட்டத்தில் ஒருவர் கேமராவைப் பார்த்தாலும் படம் குப்பை.

கணவரோ எங்கே நிறுத்தினாலும் படத்தில் வந்து விழுவார்.

“ஏங்க, தள்ளி நில்லுங்க. உங்க தலை விழுது.”

“தள்ளித் தள்ளி அடுத்த ஊருக்கே போயிடுவேன் போல,” என்பார். அவர் விழுந்த படங்களை அவள் அங்கேயே அழித்துவிடுவாள்.

அன்று மணிக்கூண்டு வாசலில் எள் போட்டால் எள் விழாது. மணி அடித்தது, அண்ணாந்த கூட்டத்தை எடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். போன் போட்டாள். அது அவள் தோள்பையிலேயே அடித்தது. தொலைத்துவிடுவார் என்று காலையில் அவளே வாங்கி வைத்திருந்தாள். சர்க்கரைக்காரர், இன்னும் சாப்பிடவில்லை, மாத்திரையும் அவளிடம்.

“அவர் போட்டோ காட்டுங்கம்மா,” என்றார் காவல் அறையில் இருந்தவர்.

கேமராவில் படத்துக்கா பஞ்சம்? தள்ளத் தள்ள ஊர்ப்பட்ட முதுகுகள். கட்டிய கணவர் மட்டும் இல்லை. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. கவனிக்காமல் முதலில் தள்ளிவிட்ட, கடைசியாக எடுத்த ஒன்று, இன்னும் அழிக்காதது, அதில் ஓரமாக அவர் நின்றார், பையைக் கட்டிக்கொண்டு.

காவலர் அதைப் பெரிதாக்கினார். “எல்லாரும் மணியப் பாக்கறாங்க. இவர் மட்டும் உங்களப் பாக்கறாரு.”

அழித்த படங்களிலெல்லாம் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

படத்தைக் காவலர்களுக்கு அனுப்பிச் சற்று நேரத்தில் ஆள் கிடைத்தார். டிக்கெட் கவுண்ட்டருக்குப் பின்புறம் சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

“எங்க நின்னாலும் விழறேன்னு சொல்றியே, அதான் இங்க வந்துட்டேன்,” என்றார்.

திட்ட வாயெடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள், அவருக்கு நேராக.

கேமரா எழுந்ததைப் பார்த்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு, பழக்கப்படி, தள்ளி நின்றுகொண்டார்.