நத்தைப் பக்கம்

கதைகளில் வருகிற சித்திகளுக்கு நல்ல பேர் கிடையாது. அந்தக் கெட்ட பேரையும் சேர்த்துத் தலையில் வாங்கிக்கொண்டுதான் அவள் இந்த வீட்டுக்குள் வந்தாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. "இப்ப தெளிவா தெரியுதா? இல்ல, முன்னாடி தெரிஞ்சுதா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஐந்து வயது சுண்டுவிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை.

சுண்டுவைப் பெற்றவள் போன வருஷம் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அதற்காக முரண்டு பிடித்தாள் என்று சொல்ல முடியாது. ஊட்டினால் சாப்பிடுவாள், சீப்பை எடுத்தால் தலையைக் காட்டுவாள். "போதுங்க", "வேணாங்க" என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுவாள். அந்த மரியாதையைத்தான் சித்தியால் தாங்க முடியவில்லை. இதற்குப் பிள்ளை தன்னை நாலு அடி அடித்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று. மூலையெல்லாம் பல் பதிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிராணியும் அதற்கு இரண்டு வரிப் பாட்டும். சாயங்காலமானால் சுண்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் ஏறி, சித்தியின் மடியில் அல்ல, பக்கத்தில் உட்காருவாள்.

தவளைப் பக்கம் தாண்டும். மரங்கொத்திப் பக்கம் தாண்டும். பாதிப் புத்தகத்தில் நத்தை வரும்.

*வீட்டை முதுகில் சுமந்து வரும்,
வெள்ளிக் கோடு வரைந்து தரும்.*

"தப்பு" என்பாள் சுண்டு. புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

என்ன தப்பு? சித்தி எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். மெதுவாகப் படித்தாள், ராகம் போட்டுப் படித்தாள், ஊர்ந்துகூடக் காட்டினாள். தலைகீழாக நின்று படிக்காததுதான் பாக்கி. தப்பு, தப்பு, தப்பு.

"விடு. தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறா. போகப் போக சரியாயிடும்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்.

"நீங்க ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன். உங்ககிட்டயும் தப்புன்னு சொல்றாளா பாப்போம்."

"அந்தப் புத்தகம் மட்டும் என்கிட்ட குடுக்காத" என்று சொல்லிவிட்டு ஸ்பானர் தேடப் போய்விட்டார். சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நத்தையில் வண்டி நின்றது. சித்திக்குக் கோபம் மூக்குக்கு வந்துவிட்டது. கண்ணீரும் கூடவே வந்ததால் கோபத்தை முழுங்கிக்கொண்டாள்.

"சரி தாயே, எனக்குத் தெரியலை. நீயே படிச்சுக் காட்டு. நான் கேக்கறேன்."

இதை யாரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை. சுண்டு எழுந்துபோகாமல் புத்தகத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். எழுத்து ஒன்றும் தெரியாது. எல்லாம் மனப்பாடம்தான்.

"வீட்டை முதுகில் சுமந்து வரும்…"

நிறுத்தினாள். உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, சின்னத் தோள் இரண்டும் குலுங்க, மூன்று தடவை இருமினாள். ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"…வெள்ளிக் கோடு வரைந்து தரும். நத்தை!" கண்ணைத் திறந்தாள். "இப்படித்தான் படிக்கணும்."

சித்தி சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுண்டுவைப் பெற்றவளை அவள் பார்த்ததே இல்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இருமல் போட்டோவில் விழாதே. பாதிப் புத்தகத்துக்கு வரும்போது அவளுக்கு மூச்சு தீர்ந்துபோயிருக்கும். பிள்ளை அதையும் பாட்டோடு சேர்த்துப் படித்து வைத்திருக்கிறது.

செத்துப்போனவளின் நோயை நடித்துக் காட்டலாமா? பாவமில்லையா? அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறவர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்? சித்திக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகம் மறுபடி அவள் கைக்கு வந்துவிட்டது. இரண்டு கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வீட்டை முதுகில் சுமந்து வரும்…"

வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். முதல் இருமல் பொய். அடுத்த இரண்டும் தானாகவே வந்தவை.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. கையில் சோப்பு நுரையோடு அவர் அறை வாசற்படிக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எந்த வரியில் அந்த இருமல் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் புத்தகத்தை அவர் தொடுவதே இல்லை. அவர் திட்டவில்லை. மேலே படி என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார்.

சுண்டு "தப்பு" என்று சொல்லவில்லை. கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கி, அப்பாவின் கைக்குக் கீழே நுழைந்து ஓடினாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலுமாக ஒரு டம்ளர் தண்ணீர். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, வழி நெடுகச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"மெதுவா குடி. புரை ஏறிடப் போகுது" என்று கட்டிலில் ஏறி, சித்தியின் முதுகைத் தடவிவிட்டாள்.

இத்தனை நாளாகப் பிள்ளை கேட்டது இருமலை இல்லை. அம்மா இருமும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை. அந்த வேலை பறிபோனதைச் சொல்லத் தெரியாமல்தான் தப்பு, தப்பு என்று எழுந்து போயிருக்கிறாள்.

சித்தி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"போதுமா? இன்னும் கொண்டுவரவா?"

அவளுக்குத் தாகம் என்பதே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றாள்.