வலது கை

என் தங்கை குரங்கு டாக்டர். நான் அந்தக் குரங்குகளின் கூண்டைக் கழுவுகிறவள். ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் கிளம்புவோம். ஆய்வுக்கூட வாசலைத் தாண்டியதும் அவள் 'டாக்டர்', நான் 'கூண்டு அக்கா'. வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான் என்பதால் வீட்டில்கூட அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டேன். எனக்குப் புத்தி இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மருந்துகளைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம் அது. மக்காக் என்று என்னவோ இனப்பெயர் சொல்வார்கள். என் அறையில் பன்னிரண்டு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் நெஞ்சில் எண் பச்சை குத்திய ஒரு குரங்கு. பதினேழாம் எண்ணுக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. தட்டை வைத்தால் உடனே வரமாட்டான். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு தரம் உபசரித்த பிறகுதான் போனால் போகிறது என்று எடுப்பான். எதிர்க்கூண்டில் இருபத்திரண்டாம் எண், பெண். அவள் பெயர் சிஐடி. நானும் மாப்பிள்ளையும் என்ன செய்கிறோம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வேவு பார்ப்பாள்.

ரத்தம் எடுக்கிற நாள்தான் கொடுமை. கூண்டின் பின்பக்கத் தகட்டை ஒருவர் முன்னால் இழுப்பார். குரங்கு நகர இடமில்லாமல் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொருவர் கையை வெளியே பிடித்து இழுக்க, மூன்றாமவர் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். மாப்பிள்ளை போடும் கூச்சலைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் வீட்டில், சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துத் தங்கை சொன்னாள்.

"நீ பழக்கினா அதுவே கையை நீட்டும்க்கா. தகடே வேணாம்."

"நீட்டினா அவனுக்கு என்னடி கிடைக்கும்?"

"வலி இருக்காது, பயம் இருக்காது. அப்புறம் ஆய்வு முடிஞ்சதும் பழகின குரங்கைத்தான் காப்பகத்துக்கு அனுப்புவாங்க. இங்க பாரு."

செல்போனில் ஒரு படம் காட்டினாள். மரங்கள், கயிற்றில் தொங்கும் குரங்குகள், வெயில்.

"மாப்பிள்ளை போவானா?"

"போவான்."

"நிஜமா?"

"எத்தனை தடவைக்கா கேப்ப? போவான்."

எட்டு மாதம் பழக்கினேன். எல்லாக் கூண்டிலும் முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கையை நீட்டினால் ஒரு திராட்சை, நீட்டியபடியே வைத்திருந்தால் இன்னொன்று. இஷ்டமானவர்களைப் பார்த்தால் குரங்குகள் உதட்டைச் சப்பிக் காட்டும். நான் முகக்கவசம் போட்டிருப்பேன், உதடு தெரியாது. அதனால் உள்ளிருந்தே சத்தமாகச் சப்புவேன். அவன் காதைத் தீட்டிக்கொண்டு பதிலுக்குச் சப்புவான். எங்கள் சம்பாஷணையைக் கேட்டுவிட்டு கூண்டுகளைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார்.

இடது கையில் குத்திக் குத்தி நரம்பு வீங்கியிருந்ததால் எங்களுக்கு வலது கை வேண்டும். மாப்பிள்ளை எப்போதும் இடதைத்தான் முதலில் நீட்டுவான். "அது இல்லடா, மத்தது" என்று விரலால் அந்தக் கையில் ஒரு தட்டு தட்டுவேன். கொஞ்சம் யோசிப்பான். இடதை உள்ளே இழுத்துக்கொண்டு வலதை நீட்டுவான். எனக்கு அவனை அப்படியே தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டும் போல் இருக்கும்.

போன வியாழக்கிழமை காலை, தங்கை அறைக்கே வந்தாள்.

"இன்னிக்கு அனுப்புறோம். வண்டியில மிரளாம இருக்க ஒரு மயக்க ஊசி போட்டுரலாம். நீயே கையை வாங்கிக் குடு."

எனக்கு ஒரே சந்தோஷம். அவனுக்கென்று ஒரு பை தயாராக வைத்திருந்தேன். அவன் பிய்த்து விளையாடும் துண்டு, ஒரு பிளாஸ்டிக் வளையம், ஒரு கொத்துத் திராட்சை. துளைக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டைச் சப்பினேன். அவனும் சப்பினான். அன்றைக்கு நான் தட்டவே வேண்டியிருக்கவில்லை, நேராக வலது கையை நீட்டினான். தங்கை ஊசியைப் போட்டாள். அவன் என் விரலைப் பிடித்திருந்தான். பிடி தளர்ந்து, தலை சாய்ந்து தூங்கிப்போனான்.

"இதையும் வண்டியில வச்சிரு" என்று பையைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அழுக்குத் துணிகளைப் போட நடைக்கோடியில் இருக்கும் சிவப்புக் கழிவுத் தொட்டியைத் திறந்தேன். மேலாகக் கிடந்தது என் பை. திராட்சைக் கொத்து கசங்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் அறுவை அறை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரும்பு மேசையின் ஓரத்தில் ஒரு வால் தொங்கியது. பதினேழு என்று எழுதிய சீட்டு அதில் கட்டியிருந்தது.

தங்கை கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். அது கண்டுபிடிச்சிருக்கும். அப்புறம் தகடுதான், கூச்சல்தான். இப்ப ஒரு பயமும் இல்லாம போச்சு. உன்னாலதான்க்கா."

"காப்பகம்?"

"ஆய்வுக்கு உள்ளுறுப்பு எல்லாம் வேணும். முதல்லயே முடிவான விஷயம்."

"அந்தப் படம் காட்டினப்பவே உனக்குத் தெரியும்."

அவள் கழற்றிய கையுறையை மடித்து மடித்துச் சுருட்டினாள். தெரியும் என்று அர்த்தம்.

அவள் சொன்னதில் பொய் இல்லை, அவன் பயப்படாமல்தான் போனான். அதுதான் என்னைக் கொன்றது. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்று அவளைத் திட்டலாம். அவனை நம்பவைத்தது யார்? எட்டு மாதமாக, திராட்சை திராட்சையாக, நான்.

"அடுத்து இருபத்திரண்டு" என்றாள் மெதுவாக. "நீ பழக்கலன்னா அதுக்கும் தகடுதான். யோசிச்சுச் சொல்லு."

"சரிங்க டாக்டர்" என்றேன். சுற்றிலும் யாரும் இல்லாதபோது நான் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று அறைக்குத் திரும்பினேன்.

மாப்பிள்ளையின் காலிக் கூண்டை நான்தான் கழுவ வேண்டும். குழாயைத் திறக்கப் போனவள் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சிஐடி உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். என் கையில் திராட்சை இல்லை, நான் எதுவும் கேட்கவும் இல்லை. அவள் தன் இடது கையைத் துளை வழியாக வெளியே நீட்டினாள். எட்டு மாதம் வேவு பார்த்துப் படித்த பாடம்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, அந்தக் கையில் ஓங்கி அடித்தேன். அதுவரை ஒரு குரங்கையும் அடித்தவள் இல்லை நான்.

"உள்ள இழுடி! யாருக்கும் குடுக்காத! எனக்கும் குடுக்காத!"

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

பிறகு வலது கையை நீட்டினாள்.