கரண்ட் எப்ப வெட்டுவினம்?

டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்கு முன்னால் ட்ராமுக்காகக் காத்து நின்றபோது கொறற்றியின் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். யாராவது வாடிக்கையாளர் ஏசுவதற்கு எடுக்கிறாரோ என்று தயங்கிவிட்டுக் காதில் வைத்தாள்.

"பிள்ளை, நான் இன்னாசித்தம்பி கதைக்கிறன். போன கிழமை வீட்டை வந்து கரண்ட் பில் பாத்தனீங்கள் எல்லே?"

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லை, ஒரு விசயம் கேக்கத்தான். கரண்ட் எப்ப வெட்டுவினம்?"

குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவரைப் போலத்தான் கேட்டார். இவ்வளவு காலமும் மின்சாரம் தந்த கொம்பனியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. நீங்கள் கேட்டபடியே உங்களை விடுவிக்கிறோம், இந்த மாதத்தோடு முடிகிறது என்று அதில் இருந்ததாம். அவர் எதையும் கேட்டு எழுதியிருக்கவில்லை. மனைவி லூர்தம்மாவுக்கு வீட்டிலேயே கிட்னி மிசின். தினமும் இரவில் எட்டு மணித்தியாலம் அது ஓடவேண்டும்.

"திகதி தெரிஞ்சால் ஆஸ்பத்திரியிலை சொல்லி மனிசிக்கு ஒரு கட்டில் எடுக்கலாம். அதுதான் கேட்டனான்."

"கரண்ட் நிக்காது அண்ணை. பயப்பிடாதேங்கோ. நான் இப்பவே வாறன்."

அவள் ஏறவேண்டிய ட்ராம் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. கொறற்றி பாதையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போனாள்.

பத்தொன்பது வருடங்கள் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்தவள் அவள். ஹோட்டல் மூடப்பட்டபின் ஒன்பது மாதம் வேலையில்லை. அப்போதுதான் தேவாலயத்தில் பழக்கமான குடும்பத்துப் பிள்ளை லக்ஸன் இந்த வேலையைச் சொன்னான். எந்தக் கொம்பனியிடம் மின்சாரம் வாங்குவது என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாங்களே தெரிவு செய்யலாம். வீடு வீடாகப் போய் அவர்களைப் புதிய கொம்பனிக்கு மாற்றிவிடுவதுதான் வேலை. இருபத்தாறு வயதில் அவன் பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளன். முதல் வாரம் மணியை அழுத்தவே அவளுக்குக் கை கூசியது. பிறகு பிடித்துப்போனது. மனிதர்கள் கதவைத் திறந்தார்கள். உள்ளே வரச் சொன்னார்கள். பழைய பில்லை மேசையில் விரித்து, அவள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டார்கள். விரிப்புகளோடு மட்டும் இருந்த அத்தனை வருடங்களில் அவள் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மற்றதை ஒப்பீஸ் பார்க்கும் என்றான் லக்ஸன். கையெழுத்து வேண்டாமா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ட்ராமுக்குள் இருந்தபடியே லக்ஸனை அழைத்தாள்.

"அன்ரி, சட்டப்படி கரண்டை நிப்பாட்ட ஏலாது. கொம்பனி மாறினாலும் கரண்ட் வரும். அதை அவரிட்டைச் சொல்லுங்கோ, காணும்."

"அவர் ஒண்டிலும் கையெழுத்து வைக்கேல்லை, தம்பி."

"விலகிறதுக்குப் பதினாலு நாள் குடுக்கிறது. இன்னும் மூண்டு நாள்தான் கிடக்கு, அது போனால் அவர் விலக ஏலாது. பேசாமல் இருங்கோ அன்ரி. நீங்கள் நல்லாச் செய்யிறீங்கள்."

அந்தக் கடைசிச் சொல் போன வாரமாக இருந்தால் அவளை நாள் முழுக்க மகிழ்வித்திருக்கும்.

மூன்றாம் மாடியில் இன்னாசித்தம்பி கதவைத் திறந்தபடியே நின்றார். ஓய்வு பெறும்வரை இத்தாலிய உணவகம் ஒன்றில் சமைத்தவர். கொறற்றி உட்காருவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. மிசினுக்கான திரவப் பைகள் பெட்டி பெட்டியாகக் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு கதிரையில் லூர்தம்மா மெலிந்துபோய் இருந்தார்.

கொறற்றி கோப்பையைத் தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. அண்டைக்குப் பில்லை நான் படம் எடுத்தனான் எல்லே. அதிலை இருந்த மீற்றர் நம்பரை வைச்சு, உங்களைக் கேக்காமலே எங்கடை ஆக்கள் வேறை கொம்பனிக்கு மாத்திப் போட்டாங்கள். இப்பிடி நடக்கும் எண்டு எனக்கும் தெரியும். முழுசாத் தெரியாது. ஆனால் தெரியும். விலகிறம் எண்டு இப்ப கடிதம் போட்டால் பழையபடி மாத்தலாம்."

இன்னாசித்தம்பி மனைவியைப் பார்த்தார். 

"நீங்கள் வந்திட்டுப் போனாப்பிறகு இவர் நல்ல சந்தோசமா இருந்தவர்," என்றார் லூர்தம்மா. "எங்கடை ஆள் ஒராள் எங்களுக்காக வந்து பாக்குது எண்டு சொல்லிச் சொல்லித் திரிஞ்சவர்."

கொறற்றி குனிந்துகொண்டாள். லூர்தம்மாவின் குரலே, "கடிதம் எழுத வேணுமெண்டால் எழுதுங்கோ. பிழையில்லாமல் எழுதுங்கோ," என்றது.

எழுதினாள். புதிய கொம்பனிக்கு, ஒப்பந்தம் எதற்கும் நான் சம்மதிக்கவில்லை, அப்படி ஒன்று இருந்தால் அதிலிருந்து விலகுகிறேன் என்று இன்னாசித்தம்பியின் பெயரில் ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம். பழைய கொம்பனிக்கு இன்னொன்று. முதல் கடிதத்தின் அடியில், கையெழுத்து வாங்கப்படவில்லை என்பதை வீட்டுக்கு வந்த விற்பனையாளரான நானே உறுதிப்படுத்துகிறேன் என்று சேர்த்துத் தன் முழுப்பெயரையும் போட்டாள்.

இன்னாசித்தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"உங்கடை பேர் ஏன் பிள்ளை? வேலை போயிடும் எல்லே?"

"போகும் அண்ணை."

அவர் பேனாவை எடுத்துத் தன் பெயரை நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்.

"இந்தக் கட்டடத்திலை எங்கடை வீட்டுக்கு மட்டுந்தானோ வந்தனீங்கள்?"

அவள் கடிதங்களை மடித்து உறைகளுக்குள் வைத்தாள். 

இருவருமாகத் தபாலகத்துக்கு நடந்தார்கள். பதிவுத் தபால் ரசீதை இன்னாசித்தம்பி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.  திரும்பி வரும்போது அவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டார். வாசலில், "மனிசி தனிய," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார். கனமான கதவு மெல்ல மூடியது.

கொறற்றி வெளியிலேயே நின்றாள். அழைப்பு மணிப் பலகையில் பன்னிரண்டு பொத்தான்கள்; போன வாரம் அவள் எல்லாவற்றையும் அழுத்தியிருந்தாள். போலந்துப் பெயர், துருக்கிப் பெயர், வியட்நாம் பெயர், மழையில் மை கரைந்து வாசிக்க முடியாத ஒரு பெயர். லக்ஸனின் அழைப்பு பைக்குள் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. கழுத்தில் தொங்கிய கொம்பனி அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். கீழிருந்து முதலாவது பொத்தானை அழுத்தினாள்.

பலகையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல் ஜெர்மன் மொழியில் யார் என்று கேட்டது. பின்னால் குழந்தையொன்று சிரித்துக்கொண்டிருந்தது. கொறற்றி அந்தச் சிறு துளைகளுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

குரல் மறுபடியும் கேட்டது, யார்?