மூணா, தூக்கா?

பூட்டுக்கடைக்காரரின் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும் அவசரப் பிரிவில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். கொக்கு மட்டும் விடவில்லை. கழுத்து நீளமென்று ஆம்புலன்ஸ் ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. அந்தக் கழுத்தை இன்னும் நீட்டி, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் புது டாக்டர் எழுதுவதையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரம் முன்புதான் அவள் அவனிடம் சொன்னாள்: "மூச்சுக்காக நீங்க போட்ட குழாய் மூச்சுக்குழல்ல இல்ல, உணவுக்குழல்ல இருந்துச்சு. எடுத்துட்டு வேற போட்டேன்."

அந்த வரி தாளில் ஏறிவிட்டால் இனி அவன் யாருக்கும் குழாய் போட முடியாது. சிலிண்டர் தூக்கலாம், ஸ்ட்ரெச்சர் தள்ளலாம், அவ்வளவுதான். ஆறு வருஷம் பழகிய கை அது.

அவனுக்கு ஞாபகம் பிசகவில்லை. சாவிகள் சிதறிக் கிடந்த கடைத் தரையில் குப்புறப் படுத்து, அவர் வாய்க்குள் விட்ட கருவியின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் குரல்நாண்களைப் பார்த்தான். ஒருக்களித்த வெள்ளைக் கதவு போல் இருந்தன. நடுவில்தான் குழாயை விட்டான். வண்டியில் இயந்திரப் பட்டை மார்பை அமுக்க அமுக்க, வெளிமூச்சின் கரியமில வாயு மானிட்டரில் குட்டிக் குட்டி மலைகளாக வந்தது. உணவுக்குழலில் மலை ஏது? கோடு அப்படியே படுத்துக்கிடக்கும்.

"என்னடா, டாக்டரம்மாவை இப்படி முறைக்கிற? கண்ணாடி விரிசல் விட்டுடப் போகுது," என்றாள் வண்டி ஓட்டும் அக்கா.

"அவங்க எதையோ மறைக்கிறாங்கக்கா. ரெண்டு தடவை முயற்சி பண்ணிதான் குழாய் போட்டாங்க. என் குழாயை அவசர அவசரமா குப்பைத்தொட்டியில போட்டாங்க. அப்புறம் எவ்வளவு நேரம் கை கழுவினாங்க, பாத்தீங்களா?"

"கை கழுவுறது குத்தமா? அப்போ நான் தினமும் பத்துக் கொலை பண்றேன்."

அவன் சிரிக்கவில்லை. தன் தவற்றை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றே மனது சொல்லிக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் போகும் வழியில், நடைக்கூடத்து பெஞ்சில் பூட்டுக்கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கணவரின் சாவிக்கொத்து.

"தம்பி, அவருக்கு மூச்சு ஓடுதா?"

"ஓடுதுங்கம்மா. நாளைக்குக் கண்ணு முழிச்சாதான் மத்ததெல்லாம் தெரியும்."

"கடையில நீங்கதானே காப்பாத்துனது? நல்லா இருக்கணும்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வண்டிக்குப் போனான்.

நோயாளியோடு உள்ளே போய்த் திரும்பிய வண்டி மானிட்டரின் நினைவில் இருந்ததை அச்செடுத்தான். தாள் நாக்கு நீட்டுவது போல் வெளியே வந்தது. மலை, மலை, மலை. நாலு மணி பன்னிரண்டில் தட்டையான கோடு. நாலு பதினாலில், டாக்டர் வேறு குழாய் போட்டதும், மறுபடி மலை.

"பாருங்கக்கா! வண்டியில இருந்தவரைக்கும் குழாய் சரியாதான் இருந்திருக்கு. உள்ள கொண்டுபோனதும் அவங்க கை பட்டு நழுவிடுச்சு!"

அக்கா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "நாலு பன்னெண்டுக்கு டாக்டர் கிட்டவே வரலடா. கதவோரமா நின்னு கையுறை மாட்டிட்டிருந்தாங்க. 'நாலு பன்னெண்டு, கட்டிலுக்கு மாத்துறோம்'னு நர்ஸ் சத்தம் போட்டாங்களே, மறந்துட்டியா?"

"அப்போ அந்த வார்டு ஆளுங்கதான் இழுத்திருக்கணும்."

"இருக்கலாம். எண்ணினது யாரு?"

நோயாளியைத் தூக்கி மாற்றும்போது தலைப்பக்கம் நிற்பவர்தான் எண்ண வேண்டும். தலைப்பக்கம் நின்றது அவன்.

அவர்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு. 'மூணு' என்னும்போது காற்றடிக்கும் பையைக் குழாயிலிருந்து கழற்றுவான். 'தூக்கு' என்ற பிறகே உடம்பு நகரும். உள்ளே இருந்தவர்களோ 'மூணு' காதில் விழுந்ததும் விரிப்பை இழுத்துவிட்டார்கள். பை அப்போது அவன் கையில்தான் இருந்தது, கழற்றாமல். குழாயில் வெடுக்கென்று ஒரு இழுப்பு வந்தது. மீன் தூண்டிலைக் கவ்வினாற்போல.

அதைக்கூட மன்னிக்கலாம். கோடு படுத்ததை அவன் பார்த்தான். கட்டில் மாற்றுவதற்காக மார்பை அமுக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறோம், அதனால்தான் படுத்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நோயாளி விவரம் ஒப்பிக்கத் திரும்பிவிட்டான். பட்டை மறுபடி அமுக்க ஆரம்பித்த பிறகு நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தவள் டாக்டர்தான்.

"இந்தத் தாளை யாரும் கேக்கலையே," என்றாள் அக்கா மெதுவாக. அது யோசனையா, சோதனையா என்று அவனுக்குப் புரியவில்லை. அவளையும் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

டாக்டர் நிமிர்ந்தாள். "சண்டைக்கு வந்தீங்களா? வெளியில நின்னு முறைச்சிட்டிருந்தது தெரிஞ்சுது."

அவன் தாளை மேசையில் வைத்தான். அவள் விரலால் மலைகளைத் தொட்டுக்கொண்டே போய் தட்டைக் கோட்டில் நின்றாள்.

"அப்போ வரும்போது சரியா இருந்திருக்கு. நான் எழுதினது தப்பு," என்று அந்த வரியை அடித்தாள். "கட்டில் மாத்தும்போது நழுவியிருக்கு. யார் எண்ணினது?"

உங்கள் ஆட்கள் மூணிலேயே இழுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. வாய்வரை வந்தது.

"நான்தான் எண்ணினேன். 'தூக்கு'ன்னு சொன்னாதான் தூக்கணும்னு முன்னாடியே சொல்லல. கோடு படுத்ததையும் பார்த்தேன். இயந்திரம் நின்னதாலன்னு நினைச்சு விட்டுட்டேன்."

"ரெண்டு நிமிஷம் அவருக்குக் காத்து போகல," என்றாள் அவள். திட்டவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதி, தாளை அவன் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினாள்.

சாவிக்கொத்தின் சத்தம் வெளியே கேட்டது. கொக்கு கையெழுத்துப் போட்டான்.