வேலிக்கு எந்தப் பக்கம்

களை பறிக்கிற காலத்தில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் சியாயா பக்கத்தில் யாரும் பேர் தேடி அலைவதில்லை. ஆணாக இருந்தால் ஒதோயோ, பெண்ணாக இருந்தால் அதோயோ. முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ஆவோகோ சோளக்கொல்லையில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தபோதுதான் வலி கண்டது. மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "அதோயோ" என்றாள். அதோடு ஆவோகோவின் சொந்தப் பேரும் போயிற்று. பெற்றவளைப் பிள்ளையின் பேரால் அழைப்பதுதான் இங்கே மரியாதை. சந்தையிலும் தேவாலயத்திலும் அவள் அதோயோம்மா ஆனாள்.

இங்கத்துப் பேச்சில் அவன், அவள் என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்தான். உங்களுக்குத் தமிழில் கதை சொல்கிற எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளையை நான் அவன் என்றுதான் சொல்லப்போகிறேன். மருத்துவச்சி பார்த்தது ஒரு நிமிஷம், அவன் வாழ்ந்தது இருபத்தாறு வருஷம். முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும்.

சின்னதிலேயே தெரிந்த விஷயம்தான். பாவாடை போட்டுவிட்டால் அதை ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டு அப்பனின் பழைய கால்சட்டையைக் கயிறால் இறுக்கிக்கொண்டு நிற்பான். அப்பன் ஒவிதி சிரித்துக்கொண்டே அவனை வேலி நடக் கூட்டிப்போவான். வீட்டைச் சுற்றித் திருகுகள்ளிதான் வேலி. கிளையை ஒடித்துச் செருகினால் போதும், செத்தாலும் சாகாது. "பால் கண்ணுல படாம பாத்துக்க" என்று அப்பன் சொல்வதை அவன் மற்ற பிள்ளைகளிடம் பெரிய மனுஷன்போலச் சொல்லுவான். வேலி நடுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒவிதி இருந்தவரை அதெல்லாம் காதில் விழவில்லை. புருஷன் காய்ச்சலில் போனபின் ஆவோகோவுக்கு ஒவ்வொரு முணுமுணுப்பும் விழுந்தது.

பதின்மூன்று பதினாலு வயதில் பிள்ளை பேசுவதை நிறுத்தினான். ஆற்றுக்குக் குளிக்கப் போவதில்லை. உடம்பைப் போர்த்திக்கொண்டே திரிந்தான். ஒருநாள் துணிக்கொடியில் நீளமான பட்டைத் துணி ஒன்று காய்ந்தது. எங்கே அடிபட்டது என்று ஆவோகோ பதறிக்கொண்டு சட்டையைத் தூக்கினாள். காயம் எதுவும் இல்லை. மார்பை மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டிய தழும்புதான் விலா முழுக்க இருந்தது.

"ஏம்மா இப்படி உன்னையே இறுக்கிக்கிற?"

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "அதோயோன்னு யாராச்சும் கூப்பிட்டா, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்க, அவங்களைத்தான் கூப்பிடறாங்கன்னு தோணும். திரும்பிப் பாப்பேன். யாரும் இருக்கமாட்டாங்க. தினமும் இப்படியேதாம்மா. இந்த உடம்பும் அப்படித்தான். யாருதோ எங்கிட்ட தங்கிப்போச்சு."

ஆவோகோவுக்குப் புரியவில்லை. புரியாததைப் பிசாசு என்பதா, படிப்பு என்பதா, வயசு என்பதா என்று தெரியாமல் களி கிண்டப் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து அதோயோ என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ஒதோயோ என்று கூப்பிடத் தைரியமும் வரவில்லை. அப்போது பிடித்ததுதான் "பிள்ளை" என்ற சொல். பிள்ளை வந்துச்சு, பிள்ளை சாப்பிட்டுச்சு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. எந்தப் பக்கமும் சாயாத நல்ல பிள்ளைச் சொல். அதற்குள் புகுந்துகொண்டு அவள் பன்னிரண்டு வருஷம் ஓட்டினாள்.

அவன் கிசுமு நகரத்துக்குப் போனான். பஸ் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. ஊசி போட்டுக்கொள்கிறான் என்று யாரோ சொன்னார்கள், போதை ஊசி என்று இவள் மூன்று நாள் அழுதாள். பிறகு ஒருநாள் போனில் கட்டைக் குரல் ஒன்று "அம்மா" என்றது. தவறான நம்பர் என்று வைத்துவிட்டாள். குரல் மறுபடி கூப்பிட்டுச் சிரித்தது. குரலை மாற்றியது அந்த ஊசிதான். சிரிப்பு மட்டும் அவள் பெற்ற சிரிப்பு.

போன வருஷம் வந்தான். தாடி இருந்தது. தோள் அகலமாகியிருந்தது. வாசலில் நிற்பது செத்துப்போன ஒவிதிதானோ என்று இருந்தது அவளுக்கு. அப்பனை உரித்து வைத்ததுபோல் நின்றான். அவன் முகத்தில் அதற்குமுன் அவள் பார்த்திராத ஒன்று இருந்தது. நிம்மதி. தன் வீட்டில் தான் உட்கார்ந்திருக்கிறவனின் நிம்மதி.

பொட்டலத்தில் பொரித்த மீன் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டதும் வேலியைச் சுற்றிப்பார்த்து, ஆடு நுழைகிற சந்தில் கள்ளிக்கிளை ஒடித்துச் செருகினான். பிறகு கேட்டான். வளர்ந்த மகனுக்கு வாசலை ஒட்டி ஒரு சின்னக் குடிசை கட்டிக்கொள்ள உரிமை உண்டு. அந்த இடம் தனக்கு வேண்டும் என்றான். ஆவோகோ, பெரியவர் ராபூருவைக் கேட்கணும் என்றாள். ராபூரு ஒவிதியின் அண்ணன், குலத்துக்குப் பெரியவர்.

"பெரியப்பாவை அப்புறம் கேக்கலாம்மா. நீ ஒருதரம் ஒதோயோன்னு கூப்பிடு. குடிசை கெடக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உதறிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு கவளம் சாப்பிடு பிள்ள" என்றாள் ஆவோகோ. அவன் சிரித்துவிட்டுச் சாப்பிட்டான். 

மழைக்குமுன் அவன் செத்துப்போனான். நெஞ்சுச்சளிதான் காரணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள் என்று பயந்து கஷாயத்திலேயே நாளை ஓட்டியிருக்கிறான். ஆண்பிள்ளையாய் வாழ்ந்தவன் வேடிக்கைப் பொருளாய்ப் பிழைக்க விரும்பவில்லை. இதைச் சொன்னது நாலியாகா, அவனோடு ஒரே அறையில் வாழ்ந்த பெண். தலைபின்னும் கடை வைத்திருக்கிறவள். லாரியில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருந்தாள். இறங்கியதும் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை மாமரத்தடியில் ஆண்கள் கூடினார்கள். அழுகைக்கு நடுவே ஒரே ஒரு கேள்விதான் அங்கே நின்றது: குழியை எங்கே வெட்டுவது? மகன் என்றால் வாசலுக்கு உள்ளே, இடப்பக்கம். கல்யாணமாகாத மகள் என்றால் வேலிக்கு வெளியே. மகள் வேறு வீட்டுக்குப் போகவேண்டியவள், பிறந்த வீட்டுக்குள் அவளுக்குக் குழி கிடையாது. மாற்றிப் புதைத்தால் ஆவி அலையும், வீட்டில் தொட்டில் ஆடாது என்பார்கள்.

ராபூருவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவருடைய கண்ணும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்ததைச் சொல்லியிருந்தார்கள். அவர் பயந்தார். நாலியாகா எழுந்து, அவன் ஆண், நான் அவனுடைய பெண்டாட்டி, வேறு யாரைக் கேட்கவேண்டும் என்றாள். பரிசமாக மாடு ஓட்டி வந்து உன்னைப் பெண் கேட்டது யார் என்று ஒரு கிழவர் திருப்பிக் கேட்டார். யாரும் ஓட்டிவரவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ராபூரு ஆவோகோவின் பக்கம் திரும்பினார்.

"அதோயோம்மா. வெளியாளுங்க என்ன வேணாலும் பேசட்டும். பெத்தவ நீ. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் அதுக்குக் கட்டுப்படறேன். அங்க கெடக்கறது உனக்கு யாரு?"

நிஜமாகவே கட்டுப்பட்டிருப்பார். அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். மகன் என்று ஒரு சொல் போதும். மண்வெட்டி பிடித்த இளைஞர்கள் வாசலுக்கும் வேலிக்கும் நடுவில் காத்துக்கொண்டு நின்றார்கள். நாலியாகா அவளையே பார்த்தாள். ஆவோகோவின் நெஞ்சு முழுக்க அந்தச் சொல்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாய் ஒரே தடத்தில் நடந்த நாக்கு, கூட்டத்தைக் கண்டதும் பழைய இடத்துக்கே ஓடிவிட்டது.

"எம் பிள்ளை" என்றாள்.

 ராபூரு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், அழுகையில் வேறு வார்த்தை எதுவும் உருப்படவில்லை. "மகன்னு சொல்ல அவளுக்கே வாய் வரல" என்றார் அந்தக் கிழவர். ராபூரு தலையைக் குனிந்துகொண்டு வேலிப்பக்கம் கையைக் காட்டினார். இளைஞர்கள் வெளியே போனார்கள். கடப்பாரைச் சத்தம் கேட்டபிறகுதான் ஆவோகோவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஓடிப்போய் ராபூருவின் காலைப் பிடித்தாள். குழி வெட்ட ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது, வெற்றுக்குழி இன்னொரு ஆளைக் கேட்கும் என்றார். அதுவும் வழக்கம்தான். நம்மிடம் வழக்கத்துக்கா பஞ்சம்?

அவனை வேலிக்கு வெளியே, சோளக்கொல்லை ஓரத்தில் புதைத்தார்கள். சிலுவையில் அதோயோ என்று எழுதியிருந்தது.

நாலியாகா சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஆவோகோ அவள் பின்னாலேயே ரோடுவரை நடந்தாள். திட்டிவிட்டாவது போகமாட்டாளா என்று இருந்தது. நாலியாகா திட்டவில்லை.

"போன்ல உங்க நம்பரை என்ன பேர்ல வெச்சிருந்தான்னு தெரியுமாம்மா? ஒதோயோம்மான்னு. நீங்க கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பேர்தான் வரும். கொஞ்ச நேரம் அடிக்க விட்டுப் பாத்துட்டு அப்புறமாத்தான் எடுப்பான்."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப்போனாள்.

 ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆவோகோ தேநீர் கொடுத்தாள், அவர்கள் போனதும் வேலியோரம் போய் நின்றாள். திருகுகள்ளி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மண்மேடு. கிளைகளை விலக்கினால்தான் தெரியும். வெளியே என்ற பொருளில் பேர் வைக்கப்பட்டவள் அவள். அவளுடைய அம்மா வீட்டுக்கு வெளியே வெட்டவெளியில் பெற்றதால் ஆவோகோ. வெளியில் பிறந்தவளைக் கல்யாணம் என்ற பேரில் இந்த வேலிக்குள் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே பிறந்தவனை வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளியது தன் நாக்கு என்பதை அவள் மறக்கவே இல்லை.

முதல் மழை பெய்து மண் இளகிய காலையில் அவள் அரிவாளை எடுத்தாள். புதைமேட்டுக்கு நேரான வேலியைத் தறிக்க ஆரம்பித்தாள். தறித்த கிளைகளை அள்ளிக்கொண்டுபோய், மேட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கமாக வளைத்து, ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒவிதி நட்டதுபோலவே சாய்த்துச் செருகினாள். பால் வழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஓடினாள். குலத்துப் பெரியவர் குறித்த எல்லையைப் பெண்பிள்ளை நகர்த்துவதாவது! சூரியன் உச்சிக்கு வருமுன் அவளைக் கூட்டிக்கொண்டு ராபூரு கைத்தடியோடு வந்து சேர்ந்தார்.

 பழைய வேலி இருந்த இடம் வெறும் தடமாகக் கிடந்தது. மண்மேடு வீட்டு முற்றத்தோடு சேர்ந்திருந்தது. யாரைக் கேட்டு இதைச் செய்கிறாய் என்றார்.

"வேலிக்கு வெளிய பொதைக்கணும்னீங்க பெரியவரே. பொதைச்சாச்சு. வேலி அங்கயேதான் நிக்கணும்னு யாரும் சொல்லலையே."

 அவர் அதட்டவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "அதோயோம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கெஞ்சலாகத்தான் கூப்பிட்டார்.

ஆவோகோ திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. தனக்குப் பின்னால் பார்த்தாள். யாரோ அங்கே நிற்கிறார்கள், அவர்களைத்தான் இவர் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. பின்னால் யாரும் இல்லை. ஈரமான சோளக்கொல்லைதான் இருந்தது.

அவன் அன்றைக்குச் சொன்னது இதுதானா என்று அப்படியே நின்றுவிட்டாள். தினமும் இதுதானா. சந்தையில், பள்ளிக்கூடத்தில், தேவாலயத்தில், பெற்றவளே கூப்பிடும்போதும். ஒருதரத்தையே அவளால் தாங்கமுடியவில்லை.

"ஒதோயோ" என்றாள் மேட்டைப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரிக்கும் ராபூருவுக்கும் கேட்கும்படி, வயலில் நிற்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் இன்னொருதரம் கூப்பிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று சொல்லத்தான் அவன் இல்லை. கள்ளிப்பால் பட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். பால் கண்ணில் படக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. கையை விலக்கி, கண்ணீரை அப்படியே வழிய விட்டுவிட்டு, அடுத்த கிளையை ஒடித்தாள்.