ஏழு பொத்தான்

நர்சிங் வகுப்பின் முதல் செய்முறைத் தேர்வில் பட்டாளத்தண்ணன் ஒரே நிமிடத்தில் கோட்டைவிட்டார். பொம்மை நோயாளிக்கு நெஞ்சுவலி. சட்டையைத் திறந்து இசிஜி வயர்களை ஒட்ட வேண்டும். அவர் கத்தரிக்கோலை எடுத்து, அடி முதல் காலர் வரை ஒரே ஓட்டத்தில் வெட்டிப் பிளந்தார். மருந்து கொடுத்த நேரத்தைப் பேனாவால் பொம்மையின் நெற்றியில் எழுதினார். பதினான்கு வருடம் ராணுவ மருத்துவப் பிரிவில் பழகிய கை அது. காகிதம் தொலையும், நெற்றி தொலையாது என்பது அங்கே பாடம்.

"இங்க நோயாளி அதே சட்டையோட வீட்டுக்குப் போகணும்" என்றார் தேர்வு நடத்திய தலைமை நர்ஸ். "நெத்தியையும் கழுவிட்டுப் போங்க."

அண்ணன் பட்டம் வகுப்பில் வைத்தது. மற்றவர்களுக்கு இருபது வயது, அவருக்கு முப்பத்தெட்டு. நர்சிங் படிப்புச் செலவு முழுக்க ராணுவத்தின் உதவி. ஒரே தேர்வில் இரண்டு முறை தவறினால் அது நின்றுவிடும். மறுதேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளும் மனைவி அவருடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்காமல் பொத்தானைத் தொட்டால் கையில் ஒரு அடி விழும்.

"கல்யாணமாகி பன்னண்டு வருஷத்துல இப்பதான் என்கிட்ட அனுமதி கேக்குறீங்க" என்றாள். "ஆனா நான் இன்னும் சரின்னு சொல்லல."

மறுதேர்வில் பொம்மை இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் நோயாளியாக நடிக்கப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் முடிக்கப் பதினைந்து நிமிடம்.

"ஐயா, பொத்தானைக் கழட்டலாமா?"

"எனக்குக் கை இல்லையா?" என்று டிரைவர் தானே கழற்ற ஆரம்பித்தார். விரல்கள் நடுங்கின. முதல் பொத்தானுக்கே ஒரு நிமிடம் போனது. கத்தரிக்கோல் தட்டில் பளபளத்தது. பட்டாளத்தண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அணிவகுப்பில்கூட அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை. வலி எப்போது வந்தது, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காவது பொத்தானைக் கழற்றியதும் டிரைவருக்கு அலுத்துப்போனது. "மிச்சத்த நீயே பாருப்பா."

மிச்சம் மூன்றும் மூன்று நொடி. வயர்களை ஒட்டி, நேரத்தை அட்டையில் எழுதி முடித்தபோது இன்னும் இரண்டு நிமிடம் கையில் இருந்தது. தலைமை நர்ஸ் மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி, அதைத் திருப்பிக் காட்டினார்.

ஆறு மாதம் கழித்து, அதே தலைமை நர்ஸ் அவரைத் தன் அவசரப் பிரிவில் பயிற்சிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் வாரமே பைக் விபத்தில் அடிபட்ட ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தோளிலிருந்து ரத்தம். இளம் நர்ஸ் ஒருத்தி ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டினாள்.

"பட்டாளம், இப்ப வெட்டுங்க" என்றார் தலைமை நர்ஸ்.

கத்தரிக்கோல் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. "வெட்டப்போறேன், சரியா தம்பி?" என்றார். அடிபட்டவன் தலையாட்டினான். அவன் தலை நிமிர்வதற்குள் ஜாக்கெட் இரண்டாகியிருந்தது.